எந்த ஊர் கரண்ட்?

அத்தியாயம் 7

காலை பதினோரு மணிக்குள் கிருபா ஆறு பேரை விசாரித்து, ஐந்து பேரை எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

ஆறு பேருமே, மெட்டுப் போடும் ரூபனின் கம்ப்யூட்டரைச் சேர்ந்தவர்கள். முதல் ஆள் மைக். இரண்டாவது, அதன் ஒயர். மூன்றாவது, திரையின் மூலையில் யாருக்கும் தெரியாமல் 'மியூட்' ஆகிக் கிடந்த ஒரு பட்டன். நான்காவது, பாட்டு மென்பொருளுக்கு இடம் விடாமல் சவுண்டு கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த பிரவுசர். ஐந்தாவது, எர்த் ஒயரே கொடுக்காமல் சுவரில் மாட்டியிருந்த பிளக் பாயின்ட். எல்லாம் சில்லறைக் குற்றங்கள். அசல் குற்றவாளி ஆறாவது ஆள்தான். மாசி மாதம் ரூபன் பழையதாக வாங்கிய கறுப்புப் பெட்டி. மைக்கில் பாடுவதை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குத் தருவது அதன் வேலை.

"ஆளு சிக்கிட்டான்!" கிருபா நாற்காலியோடு திரும்பினாள். "மைக் டெஸ்ட்டுக்கு நான் 'ஒண்ணு ரெண்டு மூணு' சொன்னா இங்க எம்பட குரலாட்டவே கேட்டுது. அதையே ஃபோன்ல போட்டா ஒண்ணாங்கிளாஸ் புள்ள பேசறாப்பல கேட்டுது. ஏன்னு கண்டுபுடிச்சுச் செரியும் பண்ணிட்டேன்."

சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த ரூபன் நிற்கவில்லை. துடியலூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் இருந்தது அவனுடைய அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தான். நடப்பதற்கு ஏழு அடிதான் இடம். விடிந்ததிலிருந்து அந்த ஏழடியைத்தான் அளந்துகொண்டிருந்தான்.

"என்னங்க்கா?"

"பெட்டி ஒரு நொடிக்கு நாப்பத்துநாலாயிரத்து நூறு தடவ சத்தத்த அளந்து குடுக்குது. உம்பட கம்ப்யூட்டர்ல ஓடற லினக்ஸ் நாப்பத்தெட்டாயிரம்னு எழுதிக்குது. லினக்ஸ் மேல தப்பில்ல. நெட்டுல எவனோ சொன்னான்னு செட்டிங்ஸ்ல நீ ஒரு வரியக் காப்பியடிச்சுப் போட்டிருக்கறே பாரு, அது பண்ணுன கூத்து. அறுபத்தஞ்சு செகண்டுப் பாட்ட அறுபதுக்குள்ள திணிச்சா என்னாகும்? பொம்பள பாடுனா கொழந்த. ஆம்பள பாடுனா எலி."

"நான் கேக்கறப்ப செரியாத்தானே இருந்துச்சு?"

"நீ அதே பெட்டி வழியாத்தானே கேக்கறே? தப்பா அளந்து உள்ள போட்டது, அதே தப்போட வெளிய வருது. உனக்கு மட்டும் கணக்கு நேராயிரும். வேற எதுல போட்டாலும் சாயம் வெளுத்துரும்."

ரூபன் நின்றுவிட்டான்.

"கயலு சொன்னாக்கா. 'எம்பட குரலு சின்னப்புள்ளயாட்ட இருக்குது'ன்னு. உம்பட ஃபோனைத் தூக்கிக் குப்பையில போடுன்னேன்."

கயல்விழி ரூபனின் மெட்டுகளுக்கெல்லாம் குரல் கொடுத்தவள். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் செய்துவைப்பதாகப் பேசி முடித்திருந்த பெண். இருபது நாளுக்கு முன்புவரை.

நடந்தது இதுதான். கோவையிலேயே முழுப்படமும் எடுக்கும் தயாரிப்பாளர் குமாரசாமி, ரூபன் கிட்டாரோடு நேரில் வந்து பாடிக்காட்டிய மெட்டைக் கேட்டு, "இதுதான் படத்தோட முதல் பாட்டு" என்று கைகொடுத்தார். செய்தி வெளியே தெரிந்த அடுத்த வாரமே வெள்ளகோவிலிலிருந்து மோகன்குமார் காரில் வந்து இறங்கினார். தோட்டந்துரவு, சொந்த ஸ்டுடியோ, ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடும் குடும்பம். 'மெட்டு என்னுடையது, தை மாசமே எங்கள் வீட்டில் என் அக்கா மகள் லோகப்பிரியா பாடிப் பதிவு பண்ணியாச்சு' என்று ஒரு ஃபைலைப் போட்டுக் காட்டினார். ஒன்பது வயதுக் குழந்தையின் கீச்சுக் குரல். ஆனால் அதே மெட்டு, வளைவு நெளிவு மாறாமல்.

ரூபன் அதைப் பதிவு செய்தது மாசியில். குமாரசாமிக்குப் பாடிக்காட்டும்வரை உலகத்தில் அந்த மெட்டுத் தெரிந்தவர்கள் அவனும் கயல்விழியும் மட்டும். அவன் நேராக அவளிடம் போய், "எத்தனைக்கு வித்தே?" என்று கேட்டான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் எண்ணைத் தடை செய்தாள். ஃபோனில் இருந்த அவன் பாட்டுகளை எல்லாம் அழித்துவிட்டதாகத் தோழி மூலம் சொல்லியனுப்பினாள்.

இன்று மாலை நாலு மணிக்கு ரேஸ்கோர்ஸ் அலுவலகத்தில் குமாரசாமி முடிவு சொல்லப்போகிறார்.

"எங்கப்பன் ஈரோட்டுல மஞ்சள் மூட்டை தூக்குனவரு. அவிக பெரிய ஊட்டு ஆளுக. யாரு பேச்சு எடுபடும்னு எனக்குத் தெரியாதாக்கா?" என்று ரூபன் மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீ குடிக்கப் போயிருந்த துப்பறியும் சுந்தரராஜுலு திரும்பி வந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். மின்வாரியத்தில் இருபத்தாறு வருடம் மீட்டர் திருட்டுப் பிடித்து, ஓய்வு பெற்ற பிறகும் திருட்டுப் பிடிப்பதை விட முடியாமல் காந்திபுரத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம், அதைத் தெரிந்தவள் தன் உதவியாளர் கிருபா என்பது.

"அம்மணி, அந்த மோகன்குமார் பாட்ட மறுக்கா போடு."

"காலையில இருந்து பதினேழாவது தடவ சார். கனவுல நானே பாடிருவேன் போல."

"நீ பாடுனா கேஸ் நம்ம மேல திரும்பீரும். போடு."

குமாரசாமி அனுப்பியிருந்த ஃபைலைத் தன் லேப்டாப்பில் போட்டாள். சுந்தரராஜுலு ஸ்பீக்கர் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தார். ஆடிக்கொண்டிருந்த கை நின்றது.

"பாட்ட உடு. அதுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒண்ணு ஓடுது பாரு. அது என்ன?"

"கரண்ட் சார். எர்த் செரியில்லாத எடத்துல பதிஞ்சா அந்த ரீங்காரம் உள்ள வந்துரும்."

"கரண்ட்டுன்னு எனக்கே சொல்றியா? டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ இருபத்தாறு வருசம் நின்னவன் நான். நம்ம நாட்டுக் கரண்ட்டு நொடிக்கு அம்பது தடவ துடிக்கும். அந்தச் சுதி எம்பட காதுல ஊறிக் கெடக்குது. இந்த 'ம்ம்' அதுக்கு ஒரு நூலு மேல நிக்குது." நிமிர்ந்தார். "இது எந்த ஊரு கரண்ட்டு?"

"அமெரிக்காவுல அறுபதுங்க."

"வெள்ளகோவில் எப்ப அமெரிக்கா ஆச்சு?"

கிருபா சிரித்துக்கொண்டே சுதியை அளக்கும் மென்பொருளைத் திறந்தாள். திரையில் கோடு மேலேறி ஓர் இடத்தில் கூம்பாக நின்றது. ஐம்பத்துநாலு புள்ளி நாலு. அமெரிக்காவும் இல்லை, இந்தியாவும் இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. கால்குலேட்டரை எடுத்தாள். ஐம்பதை நாற்பத்தெட்டாயிரத்தால் பெருக்கினாள். நாற்பத்துநாலாயிரத்து நூறால் வகுத்தாள்.

ஐம்பத்துநாலு புள்ளி நாலு.

"சார்…" கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "இது இந்தப் பெட்டியில பதிஞ்ச பாட்டு சார். அறுபத்தஞ்ச அறுபதுல திணிச்ச அதே திணிப்பு."

பாட்டின் வேகத்தை அந்த அளவுக்கே குறைத்துப் போட்டாள். குழந்தை காணாமல் போனது. அறைக்குள் கயல்விழி பாடினாள். சற்றே கனத்த, கடைசி எழுத்தைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கும் அந்தக் குரல்.

ரூபன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். "அப்பறம் என்னக்கா சந்தேகம்? இங்க பதிஞ்சது, அவ பாடுனது. அவதான் குடுத்திருக்கோணும்."

"தம்பி, வாய மூடு" என்றார் சுந்தரராஜுலு. கோபமில்லை, அவசரம். "யாரு குடுத்தாங்கறது பொறவு. பாட்டு இங்க பொறந்துதுன்னு மொதல்ல காட்டலாம். கிருபா, இதே கோளாறோட இங்க பதிஞ்ச இன்னொரு ஃபைலக் குடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா வேல முடிஞ்சுது."

கிருபாவின் கை கீபோர்டு மேல் அப்படியே நின்றது.

"சார், காலையில இருந்து நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"என்ன பண்ணுனே?"

"எல்லா ஃபைலையும் சரியான வேகத்துக்கு மாத்தி, பழசு மேலயே சேவ் பண்ணிப்போட்டேன். எர்த்தும் குடுத்துட்டேன். அந்த 'ம்ம்'மையும் வடிகட்டி எடுத்துட்டேன். ஒண்ணு உடல."

சுந்தரராஜுலு கண்ணை மூடினார். "திருட்டுப் போன ஊட்டுல கைரேகை எடுக்கறதுக்கு முன்னாடி வெள்ளையடிச்சுப்போட்டே."

"ரெண்டு கோட்டு அடிச்சேன் சார்."

எப்போதும் கை கொடுக்கும் கிண்டல் இந்த முறை அவள் காதிலேயே கசந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "செட்டிங்ஸ மறுக்கா கெடுத்து ஒரு ஃபைல் பண்ணிக் காட்டட்டுங்களா?"

"நாம கெடுத்துக் காட்டுனா அது நம்ம வேலதான். மோகன்குமார் வாயில வெரல வெச்சுட்டு இருப்பாரா? 'ஊட்ல கரண்ட் இல்லைங்க, ஜெனரேட்டர் ஓடுச்சுங்க'ம்பாரு. ஜெனரேட்டர் எந்தச் சுதியில வேணும்னாலும் பாடும். கோளாறோட வெளிய போயி, நம்ம கை படாம, மூணாவது மனுசன் கையில இருக்கற ஃபைல் வேணும்." ரூபன் பக்கம் திரும்பினார். "பெட்டி வாங்குன பொறவு வேற யாருக்காச்சும் ஏதாச்சும் பதிஞ்சு குடுத்தியா?"

ரூபன் இல்லை என்று தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான்.

"ஒருத்தருக்கு. காளிச்சாமியண்ணன். ஆட்டோவுல ஜமக்காளம் விப்பாரு. மைக் செட்டுல போடறதுக்கு அவரையே அறிவிப்பு பேச வெச்சு, பென்டிரைவுல போட்டுக் குடுத்தேன்."

"எப்பிடி இருக்குதுன்னாரு?"

"எலி கத்தறாப்பல இருக்குதுன்னு ஃபோன் பண்ணுனாருங்க. அவரு ஸ்பீக்கர் ஓட்டைன்னுட்டேன்."

"உனக்கு யாரு குறை சொன்னாலும் அவிக சாமானத்தத்தான் ஓட்டைம்பே" என்றாள் கிருபா.

காளிச்சாமிக்குப் பத்து முறை ஃபோன் அடித்தார்கள். எடுக்கவில்லை. தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலறும் ஆட்டோவில் ஃபோன் அடிப்பது எப்படிக் கேட்கும்? வியாழக்கிழமை என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டு ஏரியாதான் அவருக்கு என்றான் ரூபன். மணி பன்னிரண்டே கால். மூன்று பேரும் சுந்தரராஜுலுவின் பழைய காரில் ஏறினார்கள். கண்ணாடி நான்கையும் இறக்கி, காதை வெளியே நீட்டிக்கொண்டு போனார்கள்.

பஸ் ஹாரன். ஐஸ் வண்டி மணி. ஏதோ கட்சிப் பிரசாரம். எலி மட்டும் இல்லை. துடியலூர் சந்தையைச் சுற்றினார்கள். காலனிக் குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்து நுழைந்து வந்தார்கள். ஒன்றரை ஆனது. கிருபா நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரலுக்கு வந்திருந்தாள். காலையில் அந்த 'சேவ்' பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் போதும். ஐந்து நொடி வேலை. அந்த ஐந்து நொடிக்காக இந்த வெயில்.

வெள்ளக்கிணறு பிரிவில் ஒரு தையல் கடை வாசலில் புது ஜமக்காளத்தை உதறிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் "நிறுத்துங்க சார்!" என்று கத்தினாள்.

"ஏனுங்கம்மா, இது எங்க வாங்குனீங்க?"

கடைக்காரர் ரம்ஜான் பீவி சிரித்தார். "ஆட்டோவுலம்மா. ஆம்பளையா பொம்பளையா, மனுசனா மிசினான்னே தெரியாம ஒரு சத்தம். என்னடா இதுன்னு பாக்க வெளிய வந்தேன். வந்ததுக்கு ஒண்ணு வாங்கிட்டேன். இப்பத்தான் கவுண்டம்பாளையம் பக்கம் போனாரு."

கவுண்டம்பாளையம் மேம்பாலத்துக்கு அடியில் சிக்னலில் நின்றபோது முதலில் கேட்டது சுந்தரராஜுலுவுக்குத்தான். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய, அவசரமான, கீச்சுக் குரல்: 'ஈரோட்டு ஜமக்காளம், போர்வை, வாங்க தாய்மார்களே…' ஆட்டோ எதிர்ப்பக்கச் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. சிக்னலில் இன்னும் எண்பது நொடி. கிருபா கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். இரண்டு லாரிக்கு இடையில் புகுந்து, ஒரு பேக்கரி வாசலில் தடுக்கி, சந்துக்குள் நுழைந்து ஆட்டோவின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்கண்ணா! உங்க எலி எனக்கு வேணும்!"

காளிச்சாமி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கரகரவென்று கட்டைக் குரல். "என்ன வேணுங்கம்மணி?"

ஐந்து நிமிடத்தில் கார் வந்து சேர்ந்தது. ரூபனைக் கண்டதும் காளிச்சாமி முகம் மலர்ந்தார். "அட ரூபன் கண்ணு! நல்லாருக்கறயா?" விஷயத்தைச் சொன்னதும் பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். கிருபா அதைத் தொடுவதற்கு முன்பே சுந்தரராஜுலு ஃபோனில் வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டோவின் பின் சீட்டில் லேப்டாப்பை வைத்து, அறிவிப்பைத் திறந்து அளந்தாள்.

ஐம்பத்துநாலு புள்ளி நாலு.

"சார், அதே கரண்ட்டு!" அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுச் சன்னல் திறந்தது. சுந்தரராஜுலு நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். ரூபன் முதல் முறையாகச் சிரித்தான்.

அப்போதுதான் கிருபாவின் கண் திரையில் அடுத்த வரிக்குப் போனது. பென்டிரைவில் ஒரு ஃபைல் இல்லை. இரண்டு இருந்தன. இரண்டாவதன் பெயர் 'கயல் மெட்டு 1'.

"ரூபன்" என்றாள். "இங்க வா."

அவன் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. "இது… இது எப்பிடி இதுக்குள்ள?"

"நீதான் கண்ணு குடுத்தே" என்றார் காளிச்சாமி. "அறிவிப்பு முடிஞ்சதீம் இந்தப் பாட்டும் தானா வரும். நல்லாருக்குதேன்னு நானும் உட்டுட்டேன். போற ஊருக்கெல்லாம் போட்டுட்டுத்தான் போனேன். நாலஞ்சு நாளாத்தான், ஒரே பாட்டு சலிப்பா இருக்குதுன்னு நிறுத்திப்போட்டேன்."

"எந்தெந்த ஊருங்கண்ணா?" சுந்தரராஜுலுவின் குரல் தாழ்ந்திருந்தது.

"திருப்பூரு, காங்கயம், வெள்ளகோவிலு. ஆங், வெள்ளகோவில் சந்தையில ஒருத்தரு காரை நிறுத்துனாருங்க. பங்குனி இருக்கும். பாட்டு யாருதுன்னு கேட்டாரு. எனக்கென்னங்க தெரியும், பென்டிரைவோட வந்துதுங்கன்னேன். வாங்கிக் கார்ல மாட்டிக் காப்பி எடுத்துக்கிட்டாரு. நல்ல மனுசனுங்க, ரெண்டு ஜமக்காளமும் வாங்குனாரு."

கிருபா ஃபோனில் மோகன்குமாரின் படத்தை எடுத்து நீட்டினாள்.

"இவரேதானுங்க!"

இருபது நாளாக ரூபன் தேடிய துரோகி அந்தச் சந்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவசரத்தில் ஒரு ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரையே இழுத்துப் போட்ட அந்தக் கையை அவனே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உம்பட கையாலதான் போயிருக்குது தம்பி" என்றார் சுந்தரராஜுலு. "அழுகறதுன்னா கார்ல அழுவு. மணி மூணு. காளிச்சாமியண்ணா, ஒரு மணி நேரம் எங்களோட வரோணுங்க."

"எம்பட ஏவாரம் என்னாவறதுங்க?"

"ரேஸ்கோர்ஸ்ல பணக்கார ஊடுக நெறையா" என்றாள் கிருபா.

"வாரேனுங்க" என்று ஆட்டோவைக் கிளப்பினார் காளிச்சாமி.

குமாரசாமியின் அறையில் ஏசி சில்லென்று ஓடியது. காளிச்சாமியை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு மூவரும் உள்ளே போனபோது மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். மோகன்குமார் வெள்ளை வேட்டியில் கால்மேல் கால் போட்டிருந்தார். ரூபனின் வணக்கத்துக்குப் பதிலில்லை. குமாரசாமியைப் பார்த்தே பேசினார்.

"பாப்பா பாடுனதுங்க. எங்கூட்டுச் சொத்து. அடுத்தவன் எடுத்து வித்தா உட முடியுங்களா?"

"உடக் கூடாதுங்க" என்றார் சுந்தரராஜுலு, ரொம்ப மரியாதையாக. "ஒரு சந்தேகம். தை மாசம் பாப்பா பாடறப்ப ஊட்ல கரண்ட் இருந்துதுங்களா?"

மோகன்குமார் அரை நொடி யோசித்தார். "இல்லைங்க. ஜெனரேட்டர்தான் ஓடுச்சு."

"அதான பாத்தேன், அம்பத்துநாலு புள்ளி நாலுல 'ம்ம்'முங்குது. பதிஞ்ச பொறவு பாட்ட யாருக்கும் குடுக்கலைங்களே? யாருகிட்டயும் வாங்கலைங்களே?"

"எதுக்குங்க வாங்கறேன்? எம்பட மைக்கு, எம்பட ஊடு, எங்க பாப்பா."

சுந்தரராஜுலு கிருபாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் லேப்டாப்பைக் குமாரசாமி பக்கம் திருப்பி, ஜமக்காள அறிவிப்பைப் போட்டாள். எலிக்குரல் கேட்டதும் குமாரசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்னம்மா?"

"மாசியில ரூபன் ஊட்ல பதிஞ்சதுங்க. அடியில ஓடற கரண்ட்டப் பாருங்க. அம்பத்துநாலு புள்ளி நாலு. வெள்ளகோவில் ஜெனரேட்டர் துடியலூர் வரைக்கும் ஓடியிருக்குதுங்க. இப்ப இதோட வேகத்த அம்பதுக்கு எறக்கறேன்."

எலி மறைந்தது. கரகரத்த கட்டைக் குரல் ஜமக்காளம் விற்றது.

"இப்ப பாப்பா பாட்டையும் அதே அளவுக்கு எறக்கறேன்."

அறையில் ஒரு வளர்ந்த பெண் பாடினாள். குமாரசாமி பேனாவைக் கீழே வைத்தார். மோகன்குமார் காலைக் கீழே இறக்கினார்.

"வேகத்தக் கொறச்சா எல்லாக் குரலும் அப்பிடித்தானுங்க வரும். இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"இல்லைங்க, சாட்சி வெளிய இருக்காரு" என்று கதவைத் திறந்தார் சுந்தரராஜுலு.

தோளில் நாலு ஜமக்காளத்தோடு காளிச்சாமி உள்ளே வந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தெரிந்த முகத்தைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தார்.

"அட, நீங்களாங்க! வெள்ளகோவில் சந்தையில வாங்குனீங்களே, ஜமக்காளம் சாயம் போகாம இருக்குதுங்களா? அந்தப் பாட்டு காப்பியாச்சுங்களா?"

மோகன்குமார் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். "நான் வக்கீல் மூலமாப் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, காளிச்சாமியைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார்.

குமாரசாமி லேப்டாப்பைக் கிருபா பக்கமே திருப்பிவைத்தார். அப்புறம் ரூபனிடம், "பாட்டு உன்னோடதுதான் தம்பி. பேரு போட்டுரலாம்" என்றார். "இப்பக் கடைசியாப் பாடுச்சே, அந்தப் பொண்ணு யாரு? படத்துலயும் அதே குரல்தான் எனக்கு வேணும்."

ரூபன் "சரிங்க" என்றான்.

கயல்விழி சாய்பாபா காலனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். ஆறு மணிக்கு வெள்ளைக் கோட்டோடு படியிறங்கி வந்தவள் ரூபனைக் கண்டு நின்றாள். கிருபா காரிலேயே இருந்திருக்கலாம். இருக்க முடியாமல் இறங்கி நாலடி தள்ளி நின்றாள்.

ரூபன் ஒரே மூச்சில் சொன்னான். பெட்டி, பென்டிரைவ், சந்தை, மோகன்குமார், குமாரசாமி கேட்டது. எதையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப மெட்ட வெளிய உட்டது நீ."

"ஆமா."

"எங்கிட்ட வந்து கேக்கறதுக்கு முன்னால ஒரு தடவ யோசிச்சியா, வேற எங்காச்சும் குடுத்தமான்னு?"

"இல்ல."

"குரலு எம்பட குரலாட்ட இல்லைன்னு நான் சொன்னப்ப?"

"இல்ல கயலு."

அவள் கோட்டின் பையில் கைகளை விட்டுக்கொண்டாள். ரோட்டில் ஒரு பஸ் போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"பாடறேன். நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு அவங்க ஆபீசுக்கு நானே வாரேன். அது எம்பட பாட்டுந்தான். கல்யாணப் பேச்ச எடுக்காதே."

"எப்பப் பேசறது?"

"எனக்குத் தோணுனா நான் பேசறேன். நீயா ஃபோன் பண்ணாதே."

அவள் திரும்பிப் படியேறினாள். அவசரமில்லாமல், திரும்பிப் பார்க்காமல்.

ரூபன் அங்கேயே நின்றான். சுந்தரராஜுலு காரிலிருந்து மெதுவாக ஹாரன் அடித்தார்.

"நீங்க போங்க்கா" என்றான். "நான் நடந்து வாரேன்."

"துடியலூருக்கா? எட்டு கிலோமீட்டர்டா."

"உக்கார முடியாதுக்கா."

அவன் மேட்டுப்பாளையம் ரோட்டை நோக்கி நடந்தான். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று கிருபா வாயைத் திறந்தாள். காலையில் அவள் அழித்த ஃபைல்களும் இருபது நாளுக்கு முன்பு அவன் கேட்ட கேள்வியும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பழையதைத் திரும்பக் கொண்டுவர இரண்டுக்குமே நகல் இல்லை. வாயை மூடிக்கொண்டு, செருப்பு வாரை இழுத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.

பின்னால் சுந்தரராஜுலுவின் பழைய கார், அதற்குப் பின்னால் நின்ற பஸ்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்டு, அவர்கள் நடையின் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது.